பயணப் பக்கத்தில் கிழமையையும் நேரத்தையும் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓமன் தலைநகர் மஸ்கட்டில், ரூவி பகுதியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து சில வாரம் தங்கிப் போகும் பெற்றோர்தான் முன்பெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து அதிகம் வருவார்கள். இப்போது நான்கு இரவு, ஐந்து பகல் என்று குழுக் குழுவாகச் சுற்றுலாவும் வருகிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்களிலும் ஓமன் அடிக்கடி இடம்பிடிக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பவை படங்களும் ஓட்டல்களும்தான். எந்த இடம் எந்தக் கிழமை திறந்திருக்கும், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், எந்த மாதத்தில் ஊரின் அன்றாட வாழ்க்கையே மாறிவிடும் என்ற விவரங்களைத் தேடினால் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. முஸ்லிம் நாட்டுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்று எழுதுகிறவர்களும், பெண்கள் உடலை மறைக்கும் உடை உடுத்த வேண்டும், பொது இடத்தில் மது கூடாது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். உடை விஷயத்தில் நம் ஆட்கள் பெரும்பாலும் கவனமாகத்தான் வருகிறார்கள். நாளையும் நேரத்தையும் விசாரிக்காமல் வருவதால்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். இது என் கண் முன்னால் திரும்பத் திரும்ப நடப்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மஸ்கட் வருகிற எல்லோரும் பார்க்க ஆசைப்படும் இடம் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அங்கே சனிக்கிழமை முதல் வியாழக்கிழமை வரை, காலை 8 மணியிலிருந்து 11 மணி வரைதான் அனுமதி. வெள்ளிக்கிழமை கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் அத்தையும் மாமாவும் போன குளிர்காலத்தில் ஒரு பயண நிறுவனத்தின் குழுவோடு வந்தார்கள். நிறுவனம் கொடுத்திருந்த தாளில் வெள்ளி காலை பெரிய பள்ளிவாசல் என்று போட்டிருந்தது. வாசலில் இருந்த காவலர் பணிவாகப் பேசித் திருப்பி அனுப்பினார். மறுநாள் அழைத்து வருகிறேன் என்றார் குழுவை நடத்தி வந்தவர். மறுநாளோ முதலில் கடற்கரை, பிறகு கடைகள் என்று சுற்றிவிட்டுப் பதினொன்றரை மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றும் கதவு சாத்திவிட்டார்கள். ஞாயிறு விடியலில் விமானம். அந்த அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்து வெளிச்சுவரைத்தானே பார்த்தேன்" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் நடை எப்போது சாத்துவார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். பள்ளிவாசலைப் பார்க்கப் போகும்போதும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு அழைத்து வருகிறவர்கள் அதைக் கேட்காமல் இருந்ததற்குச் சமாதானமே கிடையாது.

அந்த அத்தை பார்க்காமல் போனது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995ல் கட்டத் தொடங்கி 2001ல் திறந்த பள்ளிவாசல் அது. இந்தியாவிலிருந்து மூன்று லட்சம் டன் மணற்கல் கொண்டுவந்து கட்டினார்கள். உள்ளே ஆண்களின் தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளத்தை இரானின் குராசான் பகுதியைச் சேர்ந்த 600 பெண்கள் நான்கு ஆண்டுகள் நெய்திருக்கிறார்கள். அதன் எடை 21 டன். அதில் 170 கோடி முடிச்சுகள் இருக்கின்றன. மேலே தொங்கும் சரவிளக்கின் உயரம் 14 மீட்டர். பார்வையாளர்கள் நடப்பதற்கென்று கம்பளத்தின் மேல் தனியாக ஒரு விரிப்பு போட்டிருப்பார்கள். அதை விட்டு இறங்கக் கூடாது.

அங்கே போவதற்குப் பெண்கள் தலைமுடி முழுவதையும் மூடியிருக்க வேண்டும். கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை மறைந்திருக்க வேண்டும். மெல்லிய துப்பட்டா உதவாது, தலை தெரியும். சேலை உடுத்துகிறவர்கள் முழுக்கை ரவிக்கையோடு, இடுப்பு தெரியாமல் மேலே ஒரு கனமான சால்வையைப் போர்த்திக்கொள்ளலாம். சுடிதார் இன்னும் சுலபம். எதுவும் சரியாக அமையாவிட்டால் அங்கேயே அபாயா என்ற நீள அங்கி வாடகைக்குக் கிடைக்கும். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை போதும். வேட்டியில் வருகிற பெரியவர்கள் அதை மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெரிய கூடத்துக்குள் விடுவதில்லை. குழந்தையோடு வருகிறவர்கள் யார் வெளியே இருப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முறை மாற்றிப் பார்ப்பதற்கும் சேர்த்து நேரம் வேண்டும். அதனால் 8 மணிக்கே போய்விடுவதுதான் நல்லது. 10 மணிக்குள் பேருந்துகள் வந்து குவிந்துவிடும்.

பார்த்து முடித்த கையோடு வண்டியில் ஏறிவிடாதீர்கள். வளாகத்திலேயே ஒரு தகவல் மையம் இருக்கிறது. வருகிறவர்களை உட்காரவைத்து காவா என்னும் ஓமானிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுக்கிறார்கள். தன்னார்வலர்கள், அவர்களில் பெண்களும் உண்டு, எந்தக் கேள்வி கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்கிறார்கள். நோன்பு ஏன், தலையை ஏன் மூடுகிறீர்கள் என்று நம் மனதில் இருப்பதையெல்லாம் கேட்கலாம். மதம் மாறச் சொல்வார்களோ என்று பயந்து ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், காவா ஊற்றுவார்கள்.

அடுத்தது வெள்ளிக்கிழமை. ஓமனில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2013 மே மாதத்திலிருந்து அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் 2022ல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. அங்கே வெள்ளி அரை நாள் வேலை. துபாயையும் மஸ்கட்டையும் சேர்த்து ஒரே பயணமாக வருகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். துபாயில் ஞாயிறு விடுமுறை என்றால் மஸ்கட்டில் அன்றுதான் வாரத்தின் முதல் வேலை நாள். தூதரக வேலையோ வங்கி வேலையோ இருந்தால் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மத்ரா பழைய சந்தை வெள்ளி காலையில் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். மாலையில்தான் களை கட்டும். மற்ற நாட்களிலும் மதியம் ஒரு மணிக்குச் சாத்தி நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். வெயிலில் உச்சி வேளைக்குப் போய் நின்று, ஓமனில் கடையே இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் போனவர்கள்தான். வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை நேரத்தில் சாப்பாட்டுக் கடைகள்கூட மூடியிருக்கும். பள்ளிவாசலைச் சுற்றி வண்டிகள் நெருக்கி நிற்கும். கையில் கொஞ்சம் சாப்பாடு வைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக வெள்ளிக்கிழமை வீண் என்று நினைக்க வேண்டாம். நிஸ்வாவுக்குப் போக அதுதான் சரியான நாள். மஸ்கட்டிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். வெள்ளி காலையில் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். வட்டமாக நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஆடுகளைச் சுற்றிச் சுற்றி நடத்திக் கொண்டுபோவார்கள். வாங்குகிறவர்கள் கையை நீட்டி நிறுத்தி, பல்லைப் பார்த்து, விலை பேசுவார்கள். பாரம்பரிய முகமூடி அணிந்த, பெதூயின் என்ற பாலைவன நாடோடி இனப் பெண்களும் ஆடு விற்க வருவார்கள். ஒன்பது மணிக்கு மேல் போனால் கலைந்துவிடும், அதனால் இருட்டோடு கிளம்ப வேண்டும். அங்கே கூட்டத்துக்குள் போனைத் தூக்கிப் பிடித்து முகத்துக்கு நேராகப் படம் எடுக்காதீர்கள். குறிப்பாகப் பெண்களை எடுக்கவே கூடாது. ஆண்களிடம் சலாம் சொல்லி, போனைக் காட்டிச் சைகையில் கேட்டால் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். சந்தை முடிந்ததும் பக்கத்திலேயே 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அதன் பெரிய வட்டக் கொத்தளம். அதைப் பார்த்துவிட்டு ஜும்மா முடியும் வரை நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

இங்கே கோயில் இருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. பழைய மஸ்கட்டில் அரண்மனைக்குச் சற்றுத் தள்ளிப் பழமையான சிவன் கோயிலும், நகரின் தார்செட் பகுதியில் கிருஷ்ணன் கோயிலும் இருக்கின்றன. 2018ல் இந்தியப் பிரதமர் வந்தபோது அந்தச் சிவன் கோயிலுக்குப் போனார். கிறிஸ்தவர்களுக்கு ரூவியிலும் காலா என்ற பகுதியிலும் தேவாலய வளாகங்கள் உண்டு. வழிபாட்டை அந்த வளாகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மதப் பிரசுரங்களைக் கொண்டுவந்து வெளியில் கொடுப்பதை யாரும் நினைத்தும் பார்க்கக் கூடாது.

இனி ரமலான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சந்திர நாட்காட்டியால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. 2025ல் மார்ச் 1 அன்று தொடங்கியது. 2027ல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வரும். 2028ல் ஜனவரி கடைசியில். 2030ல் ஜனவரி தொடக்கத்தில் ஒரு முறை, டிசம்பர் கடைசியில் மறுபடி ஒரு முறை வரும். ஓமனில் ஊர் சுற்ற ஏற்ற காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். மற்ற மாதங்களில் வெயில் வாட்டிவிடும். தெற்கே சலாலாவில் மட்டும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழைத்தூறலும் பச்சையுமாக இருக்கும். ஆக, இனி வரும் சில ஆண்டுகளுக்கு நோன்பு மாதம் சரியாக சுற்றுலா மாதங்களுக்குள் வந்து விழுகிறது. நோன்பு கோடையில் வரும் என்ற பழைய நினைப்பில் டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும், தண்ணீர் குடிப்பதும், புகை பிடிப்பதும் ஓமனில் தண்டனைக்குரிய குற்றம். எந்த மதத்தவராக இருந்தாலும் இது பொருந்தும். சாலையில் போகும் காருக்குள் குடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான உணவகங்கள் பகலில் மூடியிருக்கும். தங்கும் ஓட்டலில் விருந்தினருக்கென்று மறைவான இடத்தில் சாப்பாடு கொடுப்பார்கள், அறைக்கும் கொண்டுவருவார்கள். கோட்டைகள், அருங்காட்சியகங்களின் நேரம் குறையும். அரசு அலுவலகங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். சர்க்கரை நோயாளிகள், நேரத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் காலையிலிருந்து மாலை வரை வெளியில் சுற்றும்படி ஒரு திட்டம் போட்டுக்கொண்டு இந்த மாதத்தில் வரவே கூடாது என்பது என் அபிப்பிராயம். குழந்தைகளுக்கு நோன்பு இல்லைதான். அவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் உட்காரவைத்துக் கொடுக்க இடம் தேடுவதே பெரிய பாடாகிவிடும்.

அதே சமயம், பிள்ளைகள் வீட்டில் தங்குகிறவர்கள், நிதானமாக ஊரைப் பார்க்க வருகிறவர்கள் இந்த மாதத்தில் தாராளமாக வரலாம். எனக்கு மஸ்கட்டில் மிகவும் பிடித்த மாதமே இதுதான். பகல் முழுவதும் அடங்கிக் கிடக்கும் ஊர், மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், தண்ணீர், மோர் என்று நோன்பு திறக்கும். அப்புறம் நள்ளிரவு தாண்டியும் கடைத்தெரு நிறைந்திருக்கும். மாதத்தின் நடுவில் ஒரு இரவு குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். கரன்கஷோ என்பார்கள். எங்கள் கட்டடத்துக்கும் வருவார்கள். அன்றைக்கு மிட்டாய் வாங்கி வைக்காமல் யாரும் இருக்க மாட்டோம். பகலில் ஓய்வு, மாலை ஏழு மணிக்கு மேல் வெளியே என்று திட்டத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் நோன்பு மாதம் விருந்தினருக்கு மிகவும் இனிமையானது. ஒன்று மட்டும், நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் சாலையில் இருக்காதீர்கள். எல்லோரும் வீட்டுக்கு விரைகிற நேரம், பகல் முழுவதும் பட்டினி கிடந்த களைப்பு வேறு.

பெருநாள் தேதியைப் பிறை பார்த்துத்தான் அறிவிப்பார்கள். முதல் நாள் இரவு வரை உறுதியாகத் தெரியாது. பக்கத்து நாட்டோடு ஒரு நாள் மாறியும் வரலாம். 2025 நோன்புப் பெருநாள் அமீரகத்தில் மார்ச் 30 அன்றும், ஓமனில் 31 அன்றும் வந்தது. பெருநாளை ஒட்டி வருகிறவர்கள் முன்னும் பின்னும் இரண்டு நாள் எந்த முக்கிய வேலையும் வைத்துக்கொள்ளாமல் டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த நாட்களில் ஓமானிகள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மஸ்கட் வெறிச்சோடும், நிஸ்வா, சூர் போன்ற ஊர்கள் நிறைந்துவிடும்.

ஓமானி ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள் என்று எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன். என் கணவரின் அலுவலக நண்பர் நிஸ்வாவுக்கு அப்பால் பஹ்லாவைச் சேர்ந்தவர். என் மாமியார் வந்திருந்தபோது குடும்பத்தோடு வரச் சொன்னார். மாமியார் சுத்த சைவம். விருந்தில் பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் சேர்ந்துதான் வரும், எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பரிமாறிய பிறகு வேண்டாம் என்றால் வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும்! அதனால் என் கணவர் முதல் நாளே போன் செய்து, "அம்மா கறி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார். பழமும் பேரீச்சம்பழமும் இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் போனபோது மாமியாருக்கென்று தனித் தட்டில் வெறும் சோறு, பருப்பு, தயிர், வெள்ளரி எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். தனிப் பாத்திரத்தில் செய்ததாக அந்த வீட்டு அம்மா கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்கூட்டியே சொல்வதை மரியாதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை.

அங்கே வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம். ஆண்கள் ஓர் அறையில், பெண்கள் இன்னோர் அறையில் உட்காருவது பல வீடுகளில் வழக்கம். கணவன் மனைவியைப் பிரிக்கிறார்களே என்று எண்ண வேண்டாம். பெண்கள் அறையில்தான் சிரிப்பும் பேச்சும் அதிகம். எதிர்பாலினத்தவரிடம் நாமாகக் கையை நீட்டக் கூடாது. அவர்கள் நீட்டினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலையசைத்தால் போதும். உட்கார்ந்ததும் பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் காவா வரும், கூடவே பேரீச்சம்பழமோ ஹல்வாவோ வரும். வலது கையால்தான் வாங்க வேண்டும். ஒரு கிண்ணமாவது குடிக்க வேண்டும். காலியாக நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் காரில் போகும்போதே மாமியாருக்குச் சொல்லியிருந்தேன். அவர் கிண்ணத்தை ஆட்டியதும் அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் சந்தோஷத்தில் கை தட்டினார்கள்.

வந்ததும் வேலை விஷயமோ விலை விஷயமோ பேச ஆரம்பிக்கக் கூடாது. உடம்பு எப்படி, அம்மா அப்பா எப்படி, குழந்தைகள் எப்படி என்று விசாரிப்பு நீளமாகப் போகும். அவசரப்படாமல் பதில் சொல்லி, நாமும் விசாரிக்க வேண்டும். ஆனால் ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் அவர் மனைவியைத் தனியாகக் குறிப்பிட்டு விசாரிப்பதைவிட, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பதே இங்கே பழக்கம். பாதம் எதிரில் இருப்பவரைப் பார்க்கும்படி காலை நீட்டி உட்காரக் கூடாது. கால் வலிக்கிறவர்கள் நாற்காலி கேட்டால் உடனே கொண்டுவருவார்கள். வீட்டில் யாராவது தொழுதுகொண்டிருந்தால் அவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. கடைசியில் சாம்பிராணிப் புகையும் அத்தரும் சுற்றி வரும். துணியிலும் தலைமுடியிலும் புகை காட்டிக்கொள்ளலாம். அது வந்துவிட்டால் கிளம்ப நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் உட்கார்ந்து புதிதாகப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தையிலும் கிராமங்களிலும் ஆணோ பெண்ணோ தோளும் முழங்காலும் மறைந்திருக்கும் உடை உடுத்த வேண்டும். அரைக்கால் சட்டையை ஓட்டலோடு வைத்துக்கொள்ளுங்கள். வாதி ஷாப், வாதி பனி காலித் போன்ற நீர் ஓடும் பள்ளத்தாக்குகளில் குளிக்கப் பெண்கள் முழுச் சட்டையும் நீளமான காற்சட்டையும் கொண்டுபோக வேண்டும். வெள்ளி, சனியில் அங்கே ஓமானிக் குடும்பங்கள் நிறைய வரும். ஆண்கள் மட்டும் கூட்டமாகப் போகிறவர்கள் அவர்களுக்குச் சற்றுத் தள்ளியே இடம் பிடிக்க வேண்டும். மழை வரும் என்று எச்சரிக்கை இருந்தால் வாதிப் பக்கமே போகாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும். 2024 ஏப்ரலில் அல் முதைபி பக்கம் அப்படி வந்த வெள்ளத்தில் பள்ளிக் குழந்தைகள் போய்விட்டார்கள். ஆசிரியையாக இருக்கும் எங்களால் அந்த நாளை மறக்க முடியாது. வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்குவது இங்கே குற்றமும்கூட. ஜபல் அக்தர் மலைக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் போலீஸ் மேலே விடாது. வாடகைக்கு எடுக்கும்போதே அதைச் சொல்லி எடுக்க வேண்டும்.

கோபத்தில் கத்துவதும், வசை பாடுவதும், விரலைக் காட்டித் திட்டுவதும் இங்கே வழக்காகிவிடும். டாக்ஸிக்காரரிடம் தகராறு என்றாலும் குரலை உயர்த்தாமல் பேசுங்கள். ராணுவ, போலீஸ் இடங்களைப் படம் எடுக்க வேண்டாம். சுற்றுலா வருகிறவர்களுக்கு மது பெரும்பாலும் உரிமம் பெற்ற ஓட்டல்களிலும் உணவகங்களிலும்தான் கிடைக்கும். குடித்துவிட்டு வெளியில் நடமாடுவதும் வண்டி ஓட்டுவதும் நேராகச் சிறையில் கொண்டுவிடும்.

பெரியவர்கள் கொண்டுவரும் மருந்துகளைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். கொடைன், டிராமடால் சேர்ந்த வலி மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், மனநல மருந்துகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வராமல் அதன் அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு, கைப்பெட்டியில் கொண்டுவர வேண்டும். கட்டுப்பாட்டு மருந்து என்றால் முன் அனுமதி வேண்டுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரிக்க வேண்டும். யாரோ தெரிந்தவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்காத பொட்டலம் ஒன்றும் வாங்கி வராதீர்கள். துபாய் வழியாக வருகிறவர்கள் மசாலாப் பொடிகளோடு கசகசாவைக் கொண்டுவரக் கூடாது. அமீரகத்தில் அதற்குத் தடை.

பணத்தில் ஒரு சின்ன விஷயம். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. விலைச்சீட்டில் புள்ளிக்குப் பின் மூன்று எண்கள் இருக்கும். 1.500 என்றால் ஒன்றரை ரியால். ஒரு ரியால் நம் பணத்தில் 200 ரூபாய்க்கு மேல் என்பதால், எண் சின்னதாக இருக்கிறதே என்று வாங்கிக் குவித்துவிட்டு ராத்திரி கணக்குப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஓமன் பற்றியோ வேறு எந்த முஸ்லிம் நாடு பற்றியோ பயணக் கட்டுரை வரும்போது, ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி போடுங்கள். அந்த நாட்டின் வார விடுமுறை நாள், அந்த ஆண்டு நோன்பு தொடங்கும் உத்தேசத் தேதி, இரண்டு பெருநாட்களின் உத்தேசத் தேதி, முஸ்லிம் அல்லாதவர்கள் போகக்கூடிய பள்ளிவாசலின் கிழமையும் நேரமும், மருந்து பற்றி ஒரு வரி. இவ்வளவு போதும். நோன்பு மாதத்தில் நேரங்கள் மாறும் என்பதால், கிளம்பும் வாரத்தில் மறுபடி சரிபார்க்கும்படி அதிலேயே சொல்லிவிடலாம். வாசகர்களும் பயண நிறுவனம் கொடுக்கும் தாளை வாங்கிக் கிழமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசல் என்று போட்டிருந்தால் பணம் கட்டும் முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

குளிர்கால விடுமுறைக்கு இங்கே வருகிறவர்கள் பல மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வரும் பயணப் பக்கத்திலேயே இந்தப் பெட்டியைத் தொடங்கினால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரூவி, மஸ்கட்.